யாருக்குச் சொன்ன ‘வாங்க’?

நாகல் நகர், திண்டுக்கல்
13 ஜூலை 2025

அன்புள்ள இளவேனில்,

ஸ்தோத்திரம். இங்கே அம்மா, அப்பா, அண்ணன் எல்லோரும் சுகம். ஏற்காட்டுக் குளிர் உன் நெஞ்சுச் சளிக்கு ஒத்துக்கொள்கிறதா? கன்னியாஸ்திரீ பயிற்சிக்கு நீ சேர்ந்திருக்கும் நவகன்னியர் மடத்தில் கைப்பேசி கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். உன்னைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டேன். நானும் ஜீனத்தும் சேர்ந்து ஒரு மனித உருவ ரோபோவைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். ஜீனத்தை நீ பார்த்திருக்கிறாய். கல்லூரியில் என்னோடு படித்த பேகம்பூர்க்காரி. ரோபோ பத்து வயதுப் பையன் உயரம். நடக்கும், விழாமல் நிற்கும், தட்டு ஏந்தும். மற்ற எதற்கும் நாங்கள் வேண்டும். கண்ணை மூடும் ஒரு கருவியை நான் தலையில் மாட்டிக்கொண்டால் அது பார்ப்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கை கூப்பினால் அது கை கூப்பும். நான் பேசினால் அதன் நெஞ்சிலிருந்து ஒரு சின்னப் பையனின் குரலில் வெளியே வரும். கல்யாண மண்டபங்களில் வாசலில் நிறுத்தி, பன்னீர் தெளித்து விருந்தினரை வரவேற்கவைக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம்.

பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றும்போது ஓட்டுநர் டோனி அண்ணன் என்னைக் கேட்கவில்லை, அதையே பார்த்து, “ஏலே அப்பு, தலையக் குனிஞ்சு ஏறு” என்றார். அன்றிலிருந்து அதன் பெயர் அப்பு. கூடத்தில் நிறுத்தியிருக்கிறோம். அம்மா அதன் தலையில் துண்டைப் போட்டு மூடிவைத்திருக்கிறார். “நான் வெங்காயம் உரிக்கிறத மொறைச்சு மொறைச்சுப் பாக்குது. கூட ஒரு கை உரிச்சாலாவது பரவால்ல.”

இன்னொரு செய்தி. கிளெமென்ட் அண்ணனுக்கு வத்தலகுண்டில் பெண் அமைந்துவிட்டது. கல்யாணம் அடுத்த வருடம், ஈஸ்டர் கழித்து. அதில்தான் சிக்கல். “எங்கண்ணன் வராத கல்யாணத்துல எனக்கென்ன வேலை? கோயில்ல பூசையப் பாத்துட்டு அங்கனயே உக்காந்துக்குவேன். மண்டபத்துக்கு வர மாட்டேன்” என்கிறார் அம்மா. சொன்னால் செய்வார், உனக்குத் தெரியும். உன் அப்பா எங்கள் வாசலை மிதித்து ஒன்பது வருடம் ஆகிறது. கிறிஸ்துராஜ் மாமாவை எப்படி வரவைப்பது? உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

உனக்காக ஜெபிக்கும்,
லிடியா

*

நவகன்னியர் இல்லம், ஏற்காடு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லிடியா மதினிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். சளி இருக்கிறது, நானும் இருக்கிறேன். அத்தை, உங்கள் அப்பா, எல்லோரையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். இங்கே வரும் கடிதங்களை மதர் முதலில் படித்துவிட்டுத்தான் தருவார். உங்களுடையதைப் படித்துவிட்டு, “அது களை புடுங்குமா?” என்று மட்டும் கேட்டார். தோட்ட வேலை என்னுடையது என்பதால் எனக்கும் அதே கேள்விதான்.

முறைப் பையனுக்குக் கல்யாணம் என்பதில் எனக்கு வருத்தமில்லை என்று கிளெமென்ட் மச்சானிடம் சொல்லிவிடுங்கள். அவரைவிட நல்ல இடம் எனக்கு அமைந்துவிட்டது.

எங்கப்பா விஷயம். அவருடைய கணக்கை நீங்கள் அவர் வாயால் கேட்டதில்லை. உங்கள் புது வீட்டைச் சாமியார் வந்து மந்திரித்த அன்று உங்கள் அப்பா வாசலில் நின்றிருந்தார். எங்கப்பா படியேறினார். அவருக்கு நேர் பின்னால் உங்கள் அப்பாவின் பள்ளித் தலைமையாசிரியர் ஏறி வந்தார். உங்கள் அப்பா கும்பிட்டு, “வாங்க, வாங்க” என்றார்.

“ரெண்டு வாங்க. ரெண்டுமே எட்மாஸ்டருக்கு. பார்வை எந்தோளுக்கு மேல போச்சு. கூடப்பொறந்தவ வீட்டு வாசல்ல எனக்கு ஒரு வாங்க இல்ல” என்பார் அப்பா. வருடத்துக்கு ஒருமுறையாவது, சாப்பிடும்போது.

உங்கள் அப்பா என்ன சொல்கிறார்? அவர் பக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்புடன்,
இளவேனில்

*

திண்டுக்கல்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள இளவேனில்,

ஸ்தோத்திரம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களிடம் உனக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்லியிருக்கிறேன். சளிக்கு ஓமவல்லி கிடைத்தால் விடாதே.

அப்பாவிடம் கேட்டேன். நாளிதழை மடித்துவைத்துவிட்டுப் பதில் சொன்னார்: “மொத வாங்க மச்சானுக்கு. ரெண்டாவது எட்மாஸ்டருக்கு. ஆளுக்கு ஒண்ணு. இதுல என்ன கொறை?” சரி, இன்னொரு தடவை போய் ‘வாங்க’ என்று கேட்டுவிடுங்களேன் என்றேன். “இப்பப் போயித் திரும்பக் கேட்டா, அன்னிக்குக் கேக்கலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா?” என்றார். அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

அப்பு இரண்டு கல்யாணம் பார்த்துவிட்டது. இரண்டும் தோல்வி.

முதல் கல்யாணத்தில், கம்பெனி பதிவுசெய்து கொடுத்திருந்த வாசகத்தையே ஓடவிட்டோம்: “வருக! வருக! தங்கள் வரவு நல்வரவாகுக!” ஜனங்கள் ஒலிபெருக்கி எங்கே என்று கூரையைப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா செத்த நேரம் நின்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “வாங்கன்னு கேக்கலத்தா, போர்டைப் படிக்குது.”

இரண்டாவதில் நானே ஒரு துணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கருவியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் “வாங்க” என்றேன். பாதி நேரம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் உள்ளே வந்தவர், நேராகப் பந்திக்குப் போகாமல் அப்புவின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார்: “மாப்ள வீட்டு ஆளுக்கும் அதே வாங்க, பாத்திரம் கழுவ வந்த ஆளுக்கும் அதே வாங்கவா? என்னய்யா மரியாதை இது?” வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ஜீனத் கார் கண்ணாடியைத் தட்டித் தட்டி மன்னிப்புக் கேட்டாள். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை.

யோசித்துப் பார்த்தால், நாங்கள் செய்யப் புறப்பட்டிருப்பது என்ன? என் வீட்டில் ஒன்பது வருடமாக யாராலும் சொல்ல முடியாத ஒரு வார்த்தையை ஒரு இயந்திரத்தைக் கொண்டு சொல்லவைப்பது.

லிடியா

*

ஏற்காடு
5 அக்டோபர் 2025

அன்புள்ள மதினிக்கு,

நலம், நாடுவதும் அதுவே. இந்த மாதம் சமையல்கட்டில் முறை. அதனால் சின்னக் கடிதம்.

காருக்குள் உட்கார்ந்த அந்தச் சித்தப்பாவை எனக்குத் தெரியும் போலிருக்கிறது. ஆயக்குடியில் எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மரியாதைகூட வேண்டாம் மதினி. வந்திருப்பது இன்னார் என்று பார்த்ததாகக் காட்டினால் போதும். அப்பு அதற்கு என்ன செய்யும் என்று தெரியவில்லை. கைவிட்டுவிடாதீர்கள்.

மதர் இன்னமும் களையைப் பற்றியே கேட்கிறார்.

இளவேனில்

*

திண்டுக்கல்
23 நவம்பர் 2025

அன்புள்ள இளவேனில்,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபப்படாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

உன் கடிதத்தை ஜீனத்தின் வீட்டில் வைத்துத்தான் படித்துக்காட்டினேன். அவள் அம்மா ஜெய்தூன் பீவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். “இன்னாருன்னு அதுக்கு எப்படிடீ தெரியும்? சொல்லிக் குடுக்க ஒரு ஆள வைங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துல இவுக வாப்பா வாசல்ல நிப்பாக. நான் பின்னால நின்னு காதுக்குள்ள சொல்லுவேன். இல்லாட்டி அவுக சம்பந்தியையே யாரு நீங்கன்னு கேட்டிருப்பாக” என்றார். நானும் ஜீனத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொறியியல் படித்த இரண்டு பேர்!

இப்போது எங்கள் முறை இதுதான். கல்யாண வீட்டில் எல்லா உறவும் தெரிந்த ஒருவரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். எந்த வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், பெரும்பாலும் கல்யாணமாகாத அத்தை. அவரைத் திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பு பார்ப்பதை ஒரு சின்ன டிவித் திரையில் அவருக்கும் காட்டுகிறோம். அவர் காதோரம் சொல்கிறார்: “நீலச் சட்டை, பெரிய மச்சான் முறை, கொடைரோடு, முட்டி வலி.”

அப்பு கை கூப்பி, “வாங்க மச்சான். முட்டி வலி தேவலையா? படியைப் பாத்து ஏறுங்க” என்கிறது.

நீலச் சட்டைக்காரர் அசையாமல் நின்றார். “ஏலே! என்னையத் தெரியுமாலே ஒனக்கு?” அப்புறம் வெளியே ஓடி — முட்டி வலியோடு — தன் தம்பியைக் கூட்டிவந்து அப்புவின் முன்னால் நிறுத்தினார். “இவன் யாருன்னு சொல்லு பாப்போம்!” அன்று சிலர் பந்தி முடிந்து, செருப்பை மாட்டி, மறுபடி ஒருமுறை உள்ளே வந்தார்கள். ‘வாங்க’ வாங்கிக்கொண்டு போக.

தை மாதம் முழுக்கப் பதிவாகிவிட்டது. கல்யாணம் இல்லாத நாட்களிலும் அப்பு சும்மா இல்லை. ஒரு கண் மருத்துவமனையில் வயதானவர்களின் கையைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிப்போகிறது. பழனியில் ஒரு லாட்ஜில் சாவி கொடுக்கிறது. பக்தர்கள் அதனிடம் பஞ்சாமிர்தம் நீட்டுகிறார்களாம்.

ஒன்றைக் கவனித்தேன். போன வாரக் கல்யாணத்தில் அக்காளும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். தங்கை படியேறும்போது பக்கத்தில் இருந்த அத்தை சொல்லிக்கொடுக்கத் தயங்கினார். நான் பொதுவாக “வாங்க சித்தி” என்றேன். அவர் ஒரு நிமிடம் நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அப்பு அந்த வீட்டின் வாசலில் நிற்கிறது. ஆனால் யார் பக்கமும் இல்லை. அது கேட்டால் கேட்ட மாதிரியும் ஆகிறது, யாரும் இறங்கிவந்த மாதிரியும் ஆவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
லிடியா

*

திண்டுக்கல்
25 ஜனவரி 2026

அன்புள்ள இளவேனில்,

ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. அம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எல்லோரும் சுகம்.

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆயக்குடியில் கொய்யா வியாபாரி அன்புமணி வீட்டுக் கல்யாணம். பதிவு எடுத்தது ஜீனத். உங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்க அன்புமணியின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். மாலை விருந்தினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று என் கண்ணுக்கு நேரே கிறிஸ்துராஜ் மாமா. நெற்றியோரம் நரை. வெள்ளைச் சட்டைப் பையில் ஜெபமாலையின் முனை தெரிந்தது.

பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: “கொய்யாத் தோப்புக்காரருங்க. நமக்குச் சித்தப்பா முறையாகணுமுங்க. சித்தப்பான்னே கூப்புடுங்க.”

நான் கை கூப்பினேன். வாயைத் திறந்தால், “வாங்க மாமா” என்று வந்துவிட்டது.

சொன்னது பையன் குரலில்தான் போயிருக்கும். ஆனாலும் மாமா நின்றுவிட்டார். அந்த வாசலில் அன்று அவரை மாமா என்று கூப்பிட யாரும் இல்லை, இல்லையா? குனிந்து கேமராவைப் பார்த்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவருக்கு முன்னால் பிளாஸ்டிக் முகம்.

“ம்” என்றார். தட்டிலிருந்து ஒரு கல்கண்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னேன். “எளைச்சிருக்காரா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கல்யாணம் ஏப்ரல் 29, புதன்கிழமை என்று கோயிலில் பதிவுசெய்துவிட்டோம். மாமா உன்னைப் பார்க்க வருவாரே, ஏதாவது சொன்னாரா? தயவுசெய்து எழுது.

லிடியா

*

ஏற்காடு
15 பிப்ரவரி 2026

அன்புள்ள மதினிக்கு,

கர்த்தர் காக்கிறார், நலமாக இருக்கிறேன். புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் முழுக்க எங்களுக்குக் கடிதம் எழுத அனுமதி இல்லை, வருவதைப் படிக்கலாம். எனவே ஈஸ்டர் வரைக்கும் என்னிடமிருந்து ஒன்றும் வராது.

போன ஞாயிறு பார்வையாளர் நாள். எங்கப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா சுகம். காப்பி குடித்தார். கொய்யாப்பழம் ஒரு பெட்டி கொண்டுவந்தார், மதருக்குப் பிடித்திருந்தது.

இங்கே பனி குறைந்திருக்கிறது. மிளகுக்கொடி நன்றாகப் படர்கிறது.

இளவேனில்

*

திண்டுக்கல்
8 மார்ச் 2026

அன்புள்ள இளவேனில்,

ஸ்தோத்திரம். நீ பதில் எழுத முடியாது என்று தெரிந்தே எழுதுகிறேன். நான் அத்தனை கேட்டதற்கு நீ மிளகுக்கொடியைப் பற்றி எழுதியிருந்தாய். சரி, மடத்துச் சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று ஆயக்குடிக் கோயில் உபதேசியார் வந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “கிறிஸ்துராஜண்ணன் சொல்லியனுப்புனாருங்க. பத்திரிகைய என்னையவே வாங்கிட்டு வந்து குடுக்கச் சொன்னாருங்க. மண்டபத்துக்கும் வாராருங்க. ஆனா வாசல்ல அந்த மிசினுதான் கேக்கோணுமாமுங்க. மச்சான் மொறைக்காரர் கேட்டு உள்ள வாரதா இல்லைங்களாம்.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லதாப் போச்சு. நானும் கேக்கறதா இல்ல. மிசினே கேக்கட்டும். நான் உள்ள மேடைக்கிட்ட நின்னுக்குறேன்.”

“ரெண்டு ஆம்பளைகளும் சேந்து ஒரு மிசினுக்குப் பெரிய மனுசன் பட்டம் கட்டியாச்சு” என்றார் அம்மா. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. ஆனாலும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை: “எங்கண்ணன் உள்ள போயாச்சுன்னு சேதி வரணும். அப்பத்தான் கோயில விட்டு எந்திரிப்பேன்.”

அதாவது எல்லாம் இப்போது அப்புவின் தலையில். இல்லை, என் தலையில். இரண்டு நாளாக அப்புவின் கை மூட்டு ஒன்று சிக்குகிறது. ஜீனத்தின் நண்பன் செழியன் மதுரையிலிருந்து வந்து பார்க்கிறான்.

ஜெபத்தில் சேர்த்துக்கொள். என்னை, அம்மாவை, அப்புவின் கை மூட்டை.

லிடியா

*

ஏற்காடு
6 ஏப்ரல் 2026

அன்புள்ள மதினிக்கு,

அல்லேலூயா! ஈஸ்டர் வாழ்த்துகள். நான் நலம். கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. அன்று காலை எங்கள் பூசை கிளெமென்ட் மச்சானுக்காக. மூட்டுக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

நடந்ததை எல்லாம் எழுதுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்.

இளவேனில்

*

திண்டுக்கல்
3 மே 2026

அன்புள்ள இளவேனில்,

ஸ்தோத்திரம். எல்லோரும் சுகம், எல்லோரும். அந்த வார்த்தையை இப்படி முழுதாக எழுதி நாளாகிறது.

பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தோம். அம்மா வரவில்லை. கோயிலில் தூய சவேரியார் பீடத்துக்கு முன்னால் பட்டுச்சேலையோடு உட்கார்ந்துவிட்டார். ஜீனத்தைத் துணைக்கு விட்டுவந்தேன். பெண் வீட்டார் ஒருவர் மாற்றி ஒருவர், “மாப்ள அம்மா எங்க?” என்று கேட்டார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய் சொன்னார்.

நான் வாசலுக்கு உள்பக்கம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கருவியை மாட்டிக்கொண்டேன். மேடைக்குப் பக்கத்தில் நிற்பேன் என்று சொன்ன அப்பா என் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “தண்ணி குடிக்க வந்தேன்” என்றார். தண்ணீர் குடித்து முடித்த பிறகும் எழவில்லை. கருவியைத் தூக்கிப் பார்த்தால், டிவித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் அப்பாவின் கார் வந்தது. மாமா இறங்கினார். பின்னால் இறங்கப்போன உன் அம்மாவையும் மற்றவர்களையும் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த நேரம் படியேற வந்த வேறு இரண்டு பேரையும், “நீங்க போங்க, நீங்க போங்க” என்று முன்னால் அனுப்பிவிட்டார். அவர்கள் உள்ளே போய், வாசல் வெறுமையாகும்வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் தனியாக ஏறிவந்தார்.

எனக்கு அது புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது.

“அதைக் கழட்டு” என்றார். “குடு இங்க.”

“அப்பா, ஒங்களுக்கு மாட்டத் தெரியாது —”

“கழட்டுங்கிறேன்ல.”

கருவி என் தலையிலிருந்து மல்லிகைச் சரத்தில் பாதியோடு போனது. அந்த நேரம் முழுக்க வாசலில் அப்பு கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. மாமா கடைசிப் படியில் நின்றார், மேலே ஏறவில்லை. திரையில் அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் திரும்பிவிடுவார்.

அப்புவின் கைகள் எழுந்தன. முதலில் ஒரு கை தலைக்கு மேலே போய்விட்டது, பந்து பிடிக்கிற மாதிரி. பிறகு இரண்டும் இறங்கி ஒன்றாகச் சேர்ந்தன. சின்னப் பையன் குரல் சொன்னது:

“வாங்க மச்சான்.”

எங்கள் வீட்டில் அவரை மாமா என்பவர்கள் இருக்கிறோம், அண்ணன் என்பவர் ஒருவர் இருக்கிறார். மச்சான் என்று கூப்பிட அப்பா ஒருவருக்குத்தான் முறை.

“பின்னால யாரும் இல்ல. வேணும்னா திரும்பிப் பாத்துக்கங்க” என்றது அப்பு.

மாமா திரும்பிப் பார்த்தார், இளவேனில்! நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். காலியான படி. தூரத்தில் காருக்குப் பக்கத்தில் உன் அம்மா, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு. மாமா திரும்பி, குனிந்து, அப்புவின் முகத்துக்குக் கிட்டே வந்தார்.

“மாப்ள? உள்ள எங்கன இருக்கீக?”

அப்பா கருவிக்கு அடியில் விரலை விட்டுக் கண்ணைத் துடைக்கப் பார்த்தார். வாசலில் அப்புவும் கையைத் தூக்கி முகத்தைத் துடைத்தது. செழியன் சரிசெய்த அதே மூட்டு, கொஞ்சமும் சிக்காமல்.

“அடியே, இங்க வந்து பாரு, மிசினு அழுகுது!” என்று மாமா உன் அம்மாவை நோக்கிக் கத்தினார்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அப்பா அவசரமாகக் கருவியைக் கழற்றப்போனார். “கழட்டாதீக, கழட்டாதீக. ஆளு வருது பாருங்க” என்று மாமா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நேரம் தேங்கியிருந்த கூட்டம் படியேறத் தொடங்கியது. அப்பாவுக்கு உங்கள் பக்கத்து உறவுகளில் பாதிப் பேரைத் தெரியாது. மாமா காதோரம் சொல்ல ஆரம்பித்தார்: “பச்சைச் சேலை, எங்க பெரியம்மா மக, நத்தம். மருமக இப்பத்தான் பேறுகாலம் ஆனவ.” அப்பு கேட்டது: “வாங்க மதினி. பேரப்புள்ள சொகமா?”

நான் ஜீனத்துக்குப் போன் செய்தேன். செத்த நேரத்தில் டோனி அண்ணனின் ஆட்டோ வந்து நின்றது.

அம்மா படியேறினார். மாமா திரையில் அவரைப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குச் சொன்ன அதே தொனியில், ஆனால் மெதுவாக, காதோரம் சொன்னார்: “மஞ்சப் பட்டு. எந்தங்கச்சி.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்பா அம்மாவை ‘வா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அப்பு இடுப்பு வளையக் கும்பிட்டது.

“வாங்க, வாங்க. ரெண்டும் ஒங்களுக்குத்தான்.”

அம்மா சிரித்த சிரிப்பு பந்தி வரைக்கும் கேட்டதாம்.

இரண்டு பேரும் கடைசி ஆள் வரும்வரை அந்தத் திரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் நிம்மதியாக முதல் பந்தியில் சாப்பிட்டேன், ஒரு வருடத்தில் முதல் முறையாக. அப்புவைப் பற்றிக் கேட்டு ஏழெட்டுக் குடும்பங்கள் ஜீனத்தைச் சுற்றி நின்றன. எல்லோர் வீட்டிலும் வராத ஒருவர் இருக்கிறார் போலிருக்கிறது. இரண்டாவது ரோபோவுக்குச் சொல்லிவிட்டோம்.

கடைசியாக ஒன்று. சாப்பிடும்போது மாமா என்னிடம் சொன்னார்: “எம்மக ஒருத்தி இருக்காளே. நாலு மாசமா, மலை ஏறிப் போனா எந்திரிச்சு நிக்கிறா, காப்பி குடுக்கிறா, சிரிக்கிறா. ‘வாங்கப்பா’ன்னு மட்டும் கேக்க மாட்டேங்குறா. ஏன் ஆத்தான்னு கேட்டா, அத்தை வீட்டு வாசல்ல ஏறிட்டு வாங்க, அப்புறம் கேக்குறேங்குறா. அம்புட்டுத் தூரம் போயி அந்த ஒரு வார்த்தை இல்லாமத் திரும்புனாத்தான்மா தெரியுது.”

இதை நீ எனக்கு எழுதவே இல்லையே? காப்பி குடித்தார் என்று எழுதினாய். மிளகுக்கொடி என்று எழுதினாய்!

நன்றி சொல்லத் தெரியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

லிடியா

*

ஏற்காடு
17 மே 2026

அன்புள்ள மதினிக்கு,

நலம். சளி போய்விட்டது. அத்தையின் சிரிப்பு இங்கே வரைக்கும் கேட்டது என்று சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை மதர் முதலில் படித்தார். வழக்கமாக உடனே தருபவர், ஒரு நாள் தன்னிடமே வைத்திருந்துவிட்டுத்தான் தந்தார். களையைப் பற்றிக் கேட்கவில்லை.

பார்வையாளர் அறையில் நடப்பதை வெளியே எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. எனவே நீங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை.

மே 30, சனிக்கிழமை காலை நான் துறவுக்கு முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். மூன்று பேர் கன்னியர் உடுப்பு வாங்குகிறோம். நீங்கள் அனைவரும் வர வேண்டும். ஜீனத் அக்காவையும் அவர்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள். அப்பு மலையேறுமா?

உறவினர்களை வாசலில் நின்று வரவேற்க வீட்டுக்கு ஒருவரின் பெயரைத் தரச் சொன்னார் மதர். நான் இரண்டு பேரின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இருவரிடமும் இன்னும் சொல்லவில்லை. எப்படியும் இருவரும் போன வாரம் எங்கள் தோப்பில் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தார்களாமே, அம்மா எழுதியிருந்தார். நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
இளவேனில்